‘ரிலீஸ் மீ’ பாட்டைக் கேட்டால் இந்த மூதாட்டி ‘ஜெரி’ என்கிறாரே, யார் அந்த ஜெரி?

பகல்பணி (கேள்வி):

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். பழைய ஆங்கிலப் பாடல்களில் எனக்குப் பழக்கம் குறைவு. தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

எங்கள் இல்லத்தில் 88 வயது மூதாட்டி ஒருவர் இருக்கிறார். மறதிநோய் முற்றிவிட்டது, பேச்சு அநேகமாக நின்றுபோய்விட்டது. இளமையில் காலுறை ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். காலுறையைக் கையில் மாட்டி, விரல்களை விரித்து, எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. இன்றைக்கும் மடியில் கிடக்கும் போர்வையின் ஓரத்தைக் கையில் சுற்றுவார், விரல்களை விரிப்பார், திருப்பிப் பார்ப்பார், உருவிவிடுவார், மறுபடியும் சுற்றுவார். சாப்பிடும்போதுகூட அந்தக் கை ஓயாது.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் பொது அறை வானொலியில் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் பாடிய ‘ரிலீஸ் மீ’ வந்தது. மூதாட்டியின் கை நின்றது. போர்வை பாதி சுற்றிய நிலையில் அப்படியே இருந்தது. பாட்டு முடியும்வரை ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஜெரி” என்றார். தெளிவாகச் சொன்னார். அதன் பிறகு மூன்று முறை அந்தப் பாடகரின் வெவ்வேறு பாடல்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே சொல். வேறு பாடகர்களின் பாட்டுக்கு அப்படி நடக்கவில்லை.

அவருடைய கணவர் பெயர் ஜெரி அல்ல. அண்ணன் தம்பிகளிலும் அப்படி ஒருவர் இல்லை என்று அவரைப் பார்க்க வரும் அண்ணன் மகள் சொல்கிறார். யாரோ பழைய காதலராக இருக்கும் என்று உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. இந்தப் பாடகருக்கும் ஜெரி என்ற பெயருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஊசிமுனை:

சகோதரி, அவர் வேறு யாரையும் அழைக்கவில்லை. பாடுகிறவரைத்தான் அழைக்கிறார். உங்கள் பதிவைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்பது 1965-இல் வைத்த பெயர். கார்டன் மில்ஸ் என்ற மேலாளர், ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை எடுத்து அவருக்குச் சூட்டினார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936-இல் சென்னையில் பிறந்தவர், தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார், வீட்டில் பத்துப் பிள்ளைகள். அவருக்குச் சுமார் பத்து வயதாகும்போது குடும்பம் குடியேறிய ஊர் எது தெரியுமா? நீங்கள் வேலை பார்க்கிற அதே லெஸ்டர்.

அங்கே அவர் முதலில் கற்றது சாக்ஸபோன். 1950-களின் தொடக்கத்தில் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதில், நண்பர்கள் தள்ளிவிட்டதால், ஒரு மதுவிடுதியில் நடந்த போட்டியில் பாடினார். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் நண்பர்கள் ஜெரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் மேடையேறியது ஜெரி டார்சி என்ற பெயரில்தான்.

1967-இல் ‘ரிலீஸ் மீ’ பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்ததையும், 1963 முதல் தொடர்ந்து முதலிடம் பிடித்துவந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘பென்னி லேன் – ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ தட்டு அதனால் இரண்டாம் இடத்தில் நின்றதையும் எல்லோரும் சொல்வார்கள். என் மனம் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளிலேயே நிற்கிறது. 1959-இல் ஜெரி டார்சி என்ற பெயரில் ‘கிரேஸி பெல்ஸ்’ வந்தது, விற்கவில்லை. 1961-இல் காசநோய் வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். குரலை நம்பிப் பிழைக்கிறவருக்கு நுரையீரலில் நோய்! எழுந்து வந்தபோது அவருக்காக மேடை காத்திருக்கவில்லை. ‘ரிலீஸ் மீ’ வெளிவந்த பிறகும், லண்டன் பல்லேடியம் அரங்கின் ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டிக்கி வாலன்டைன் என்ற பாடகர் உடல்நலமின்றிப் போனதால் மாற்றாளாகத்தான் இவரை அழைத்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் நாடே அவரைத் தெரிந்துகொண்டது. அப்போது வயது முப்பது.

நாடு தெரிந்துகொண்டது எங்கல்பெர்ட்டை. உங்கள் மூதாட்டிக்கு அதற்கு முன்பே அவரைத் தெரிந்திருக்கிறது. 88 வயது என்றால் 1950-களின் நடுவில் அவர் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த இளம்பெண். சனிக்கிழமை இரவுகளில் எங்கே போவார் என்று அண்ணன் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

வெண்முகில்:

நான் ஆக்லாந்தில் இருக்கிறேன். ‘ரிலீஸ் மீ’ இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் ‘டென் கிட்டார்ஸ்’ என்றொரு பாட்டு உண்டு. பிரிட்டனில் அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நியூசிலாந்தில் அதுதான் பாட்டு! இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் வீட்டுக் கூட்டங்களில், திருமணங்களில், யாராவது கிட்டாரை எடுத்தால் ஐந்தாவது நிமிடம் அது வந்துவிடும். இந்த நாட்டின் இரண்டாவது தேசியகீதம் என்றே சொல்வார்கள். இங்கே வந்த புதிதில் அண்டை வீட்டு விழாவில் எனக்குச் சொற்கள் தெரியாமல் நின்றபோது, ஒரு பாட்டி என் கையைப் பிடித்துத் தாளம் போட வைத்தார். உங்கள் இல்லத்தில் கிட்டார் வாசிக்கிற யாராவது இருந்தால் முயன்று பாருங்கள். கூட்டமாகப் பாடத் தோதான பாட்டு.

பகல்பணி:

ஊசிமுனை ஐயா, உங்கள் பதிலை இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு நேராக அவர் அறைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, “ஜெரி டார்சியா?” என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தார், பல வாரங்களாக என் முகத்தை அவர் பார்த்ததில்லை.

அண்ணன் மகளுக்கு அந்தக் காலம் தெரியவில்லை. ஆலைத் தோழிகளுடன் நடனத்துக்குப் போவார் என்று மட்டும் தன் தந்தை சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

வரும் வியாழக்கிழமை அவருக்காகவே அரைமணி நேரம் பாட்டு வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

கடைசிவரிசை:

தொடக்கத்தில் ‘ரிலீஸ் மீ’ வேண்டாம் என்பேன். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், உன்மேல் இனி அன்பில்லை, என்னை விட்டுவிடு என்று கேட்கிற பாட்டு அது. சொற்கள் அவருக்கு எட்டுகின்றனவா என்று நமக்குத் தெரியாது, எட்டினால் வலிக்கும். ‘எ மேன் வித்தவுட் லவ்’ போடுங்கள், 1968-இல் வந்தது. பல்லவியில் எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிறகு ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’. 1967-இல் அதுவும் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. வால்ட்ஸ் நடனத்துக்குரிய மூன்றெண்ணித் தாளத்தில் நடக்கிற பாட்டு. நடனமாடிய உடம்பு அந்தத் தாளத்தை எளிதில் விடாது. பெயரைப் பார்த்து அதைக் கடைசியில் வைத்துவிடாதீர்கள். நடுவில் வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும், இரண்டு பாடல்களுக்கு இடையே கொஞ்சம் மௌனமும் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மறதிநோயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அந்தப் பாடகரின் மனைவி. புகழ் வருவதற்கு முன்பே, 1964-இல், அவரை மணந்தவர். 2021 பிப்ரவரியில், கோவிட் தொற்றுக்கு ஆளான நிலையில், காலமானார். அந்த இழப்புக்குப் பிறகும் இவர் மேடையேறினார். அதே ஆண்டு அவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு ‘மூன் நைட்’ தொலைக்காட்சித் தொடரில் ‘எ மேன் வித்தவுட் லவ்’ ஒலித்து, பேரப்பிள்ளைகள் வயதினர் அவரைத் தேடிக் கேட்டார்கள்.

2012-இல் அஜர்பைஜானின் பாகூ நகரில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு பிரிட்டன் சார்பில் போனபோது அவருக்கு 76 வயது. இருபத்தாறு பேரில் முதல் ஆளாகப் பாடி, பன்னிரண்டு புள்ளிகளுடன் இருபத்தைந்தாம் இடம். அதை வைத்துக் கேலி செய்தவர்களை எனக்குப் பிடிக்காது. 1967 மார்ச் 31 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் முதன்முறையாகக் கிட்டாரைக் கொளுத்திய அதே நிகழ்ச்சியில், கோட்டு சூட்டோடு வந்து காதல் பாட்டுப் பாடியவர் இவர். எந்தக் கூட்டமானாலும் தன் பாட்டைத் தன் முறையில் பாடிவிட்டு இறங்குகிறவர்.

ஊசிமுனை:

கடைசிவரிசை சொன்ன வரிசையே நல்லது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: முடிவில் அந்த 1959 ஜெரி டார்சி பதிவைப் போடுங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். அவருக்குத் தெரிந்த குரல் அதுதான்.

பகல்பணி:

வியாழக்கிழமை முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

முதல் பாட்டுக்கே கை நின்றுவிட்டது. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ வந்தபோது செருப்பின் முனை தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது: ஒரு அழுத்தம், இரண்டு மெல்லிய தட்டு. அண்ணன் மகளும் வந்திருந்தார். அவர்தான் அதை எனக்குக் காட்டினார்.

கடைசியில் ‘கிரேஸி பெல்ஸ்’ போட்டேன். பதிவு கொஞ்சம் கரகரத்தது, குரல் இளமையாக இருந்தது. மூதாட்டி கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் வழக்கம்போல “ஜெரி” என்பார் என்று காத்திருந்தோம். அவரோ எங்களைப் பார்த்து, குறை கண்டுபிடித்தவர்போல, “சாக்ஸபோன் எங்கே?” என்று கேட்டார்.

அண்ணன் மகள் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டார். நான் சாக்ஸபோனைப் பற்றி அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை.

அவர் சாக்ஸபோன் வாசித்த பதிவு ஏதாவது எங்காவது இருக்கிறதா? இல்லாவிட்டால், 1950-களில் இங்கே நடனக்கூடங்களில் வாசித்த சாக்ஸபோன் இசை எது என்றாவது சொல்லுங்கள். அடுத்த வியாழக்கிழமைக்குள் வேண்டும்.