லைனரின் வெளிப்புறம் விழும் குழிகளுக்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புடையீர், டீசல் மெக்கானிக் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பழைய லாரி எஞ்சின் பிளாக்குகளின் பலவீனங்களை எழுதிவந்தவன் 'கேவிட்டேஷன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குத் தமிழில் ஒரு சொல் சொல்லுங்கள்.

எரிபொருள் வெடிக்கும்போது பிஸ்டன், தான் ஓடும் இரும்புக் குழாயான லைனரின் ஒரு பக்கத்தை இடிக்கிறது. சுவர் அதிர்கிறது. அது உள்வாங்கும் கணத்தில் வெளியே சூழ்ந்திருக்கும் நீரில் அழுத்தம் குறைந்து ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன. சுவர் மீளும்போது அவை நொறுங்கி இரும்பைக் குத்துகின்றன. கழற்றிய லைனர் ஒன்று மேசையில் இருக்கிறது. உட்புறம் பளபளவென்று இருக்கிறது. வெளியே, பிஸ்டன் இடிக்கும் பக்கத்தில் மட்டும், அம்மைத் தழும்பு போல மேலிருந்து கீழாகக் குழிகள். ஒன்றில் குண்டூசியை விட்டால் மறுபக்கம் வருகிறது. அந்த வழியாகத்தான் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலில் கலக்கிறது.

பட்டறைகளில் 'துரு தின்றுவிட்டது' என்கிறார்கள். துரு இப்படி ஒரு பக்கமாக வரிசை பிடித்துத் தின்னாது. துரு என்றே நம்பும் மாணவன் புது லைனரை மாட்டிவிட்டுப் பழையபடி கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவான். நைட்ரைட் கலந்த கூலன்ட் சுவரில் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கும் என்பதும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் குமிழியை அடக்கும் என்பதும் அவனுக்குத் தோன்றாது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'புரையரிப்பு' என்று வையுங்கள். புரை என்றால் துளை, குற்றம் இரண்டும்தான். 'புரைதீர்ந்த நன்மை' என்று வள்ளுவர் சொன்னது குற்றம் நீங்கிய நன்மையை. புண் புரையோடுகிறது, கண்ணில் புரை விழுகிறது. நம் மாவட்டத்தில் வீட்டையும் கொட்டகையையும் புரை என்கிறோமே, அதுவும் உள்ளே வெளி உள்ளது என்ற பொருளில் வந்ததாகவே நான் கொள்கிறேன். ஒரே வேர் எத்தனை கிளை விட்டிருக்கிறது பாருங்கள்.

மார்த்தாண்டம், பட்டறை நடத்துபவர்:

ஐயா, விளவங்கோட்டில் புரை என்றால் புரையிடம், அதாவது வீடிருக்கும் நிலம்; பத்திரம் எழுதும் சொல். அதையும் விடுவோம். வார்ப்பிலேயே காற்றுத் துளையோடு வரும் பிளாக் உண்டு. அதற்குத்தான் புரை பொருந்தும். பிறவிக் குறை வேறு, ஓடி ஓடி வரும் தேய்மானம் வேறு. ஒரே சொல் வைத்தால் மாணவன் இரண்டையும் குழப்புவான்.

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினில் '53' என்று எண் பொறித்த பிளாக்குகள் நீரறைச் சுவர் மெலிந்து விரிசல் விட்டன. அது வார்ப்பின் குறை. அங்கேயே இன்டர்நேஷனல் நிறுவனம் 6.9 லிட்டர் எஞ்சினை 7.3 ஆக்குவதற்குச் சிலிண்டரின் 4 அங்குலத் துளையை 4.11 அங்குலமாகப் பெருக்கியது. சுவர் மெலிந்தது, குமிழிக் குத்து அதிகமானது. அதில் லைனரே கிடையாது, குழி பிளாக்கிலேயே விழும். துளையைப் பெரிதாகக் கடைந்து ஸ்லீவ் என்ற லைனர் போன்ற குழாயை இறக்குவதுதான் வழி.

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் 'குமிழரிப்பு'. காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. சின்னமுட்டத்து விசைப்படகின் புரொப்பல்லரில் விழும் குழிக்கும் இதுவே போதும். லைனருக்கு 'உள்ளுறை' என்று யாரும் கொண்டுவர வேண்டாம். திணை இலக்கணம் படித்தவருக்கு உள்ளுறை உவமம்தான் நினைவுக்கு வரும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, குமிழ் என்பது மரம். பெண்ணின் மூக்குக்கு உவமையாக வரும் குமிழம்பூ அந்த மரத்தின் பூ. நீரில் எழுவது குமிழி. 'குமிழியரிப்பு' என்றால் ஒப்புக்கொள்வேன். அதைவிட நல்லது 'மொக்குளரிப்பு'. 'படுமழை மொக்குளின்' என்று நாலடியார் நிலையாமைக்குக் காட்டியது இந்தக் குமிழியைத்தான்.

மார்த்தாண்டம், பட்டறை நடத்துபவர்:

மொக்குள் என்று சொன்னால் என் பட்டறையில் ஒரு பையனும் திரும்பிப் பார்க்க மாட்டான். கேவிட்டேஷன் என்றே தமிழில் எழுதினால் என்ன? வடசொல்லைக்கூட எழுத்தை மாற்றிச் சேர்த்துக்கொள்ளத் தொல்காப்பியர் இடம் கொடுத்தாரே.

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

லைனருக்கும் பிஸ்டனுக்கும் அந்த இடத்தை நானும் தருவேன். அவை கையில் எடுத்துக் காட்டும் பொருள்கள். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்வு. பெயர்தான் அதை விளக்க வேண்டும். குமிழ் இன்று பேச்சிலும் எழுத்திலும் நீர்க்குமிழையும் குறிக்கிறது. ஓரசை குறைவது மாணவனுக்கு நல்லது.

தக்கலை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

மாணவனுக்குக் குமிழரிப்பே எளிது என்று எனக்கும் படுகிறது. நேரமும் இல்லை, அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே கேவிட்டேஷன் என்றும் இருக்கும். வார்ப்புக் குறைக்குப் 'புரை' என்பதையும் எடுத்துக்கொண்டேன்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புரையை ஏற்றதற்கு நன்றி. குமிழுக்கு என் மறுப்பு மாறவில்லை. அடுத்த பதிப்பிலாவது அந்த இகரத்தைச் சேர்த்துவிடுங்கள்.