மேற்கத்தியத் தத்துவ வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கயல்விழி கேட்டது:

வணக்கம். கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். மேற்கத்தியத் தத்துவத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசை. நூலகத்தில் ஒரு தடிமனான வரலாற்று நூலை எடுத்து வந்தேன். எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் தேலிஸ், காற்று என்றார் அனாக்சிமினிஸ், நெருப்பு என்றார் ஹெராக்ளிட்டஸ். பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே தவிர, இவர்கள் எதற்காக இப்படி யோசித்தார்கள் என்பது பிடிபடவில்லை. வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

திண்ணைவாசி:

வேண்டியதில்லை, கயல்விழி. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியில் போங்கள். பல வருடங்கள் தத்துவம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 1641-இல் தொடங்குங்கள்.

அந்த ஆண்டுதான் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டின் 'தியானங்கள்' என்ற நூல் வெளியானது. இரண்டாம் தியானத்தில் ஒரு மெழுகுத் துண்டை எடுக்கிறார். தேனடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேனின் ருசி இன்னும் போகவில்லை, பூவாசம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கெட்டியாக, சில்லென்று இருக்கிறது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. பேசிக்கொண்டே அதை நெருப்பருகே கொண்டுபோகிறார். ருசி போகிறது, வாசம் போகிறது, நிறம் மாறுகிறது, உருகிச் சுடுகிறது, தட்டினால் சத்தமில்லை. புலன்கள் சொன்னது அத்தனையும் மாறியாயிற்று. ஆனாலும் அதே மெழுகுதான் என்கிறோம். எதை வைத்து? கண்ணாலும் கையாலும் அல்ல, மனத்தால்தான் அறிகிறோம் என்கிறார். கடைசியான ஆறாம் தியானத்தில், மனம் வேறு உடல் வேறு என்று முடிவு கட்டுகிறார். மனம் சிந்திக்கும், இடத்தை அடைக்காது. உடல் இடத்தை அடைக்கும், சிந்திக்காது.

1643 மே மாதம் ஹேக் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் எலிசபெத், வயது 24. அப்பா பொஹிமியாவின் அரியணையை இழந்ததால் குடும்பமே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது. அவர் கேட்டது இதுதான்: ஒன்றைத் தள்ள வேண்டுமானால் அதைத் தொட வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைக்கும் பொருளாக இருக்க வேண்டும். அப்படியிருக்க, இடத்தையே அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கிறது?

இந்தக் கேள்விக்கு டெகார்ட்டால் கடைசிவரை திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை என்பதே என் கருத்து. இனி பெயர்களைப் பாருங்கள். உடலை அசைப்பது கடவுள்தான் என்றார் மால்பிராஞ்ச். மனமும் உடலும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்றார் ஸ்பினோசா. ஒன்றை ஒன்று தொடாமலே இசைந்து ஓடும்படி கடவுள் முன்கூட்டியே அமைத்துவிட்டார் என்றார் லைப்னிட்ஸ். அப்புறம் ஹியூம் வந்து, மனத்தை விடுங்கள், ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றை அசைக்கும்போதுகூட ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைத்தான் பார்க்கிறோம், அசைக்கும் சக்தியை யார் பார்த்தது என்றார். தன் உறக்கத்தைக் கலைத்தவர் ஹியூம்தான் என்று கான்ட்டே எழுதியிருக்கிறார். கான்ட்டின் பெரிய நூலான 'தூய அறிவின் விமர்சனம்' வந்தது 1781-இல். இத்தனை பேரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் எலிசபெத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்காத வரலாற்று நூல்கள் எத்தனையோ. எனக்கு அது இன்றும் ஆற்றாமைதான்.

நெய்தல்:

திண்ணைவாசி ஐயா சொல்வது சரிதான், ஆனால் கிரேக்கர்களை அப்படித் தாண்டிவிட எனக்கு மனமில்லை. கயல், பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' மிகச் சிறியது, அதைப் படித்துப் பாருங்கள். கொலைக் குற்றத்துக்காகத் தன் அப்பா மேலேயே வழக்குப் போட வந்தவன் யூதிஃப்ரோ. அப்பா ஒரு கூலியாளைக் கட்டிப் பள்ளத்தில் போட்டிருந்தார், அவன் அங்கேயே செத்துப்போனான். அப்பாவைக் கூண்டில் ஏற்றுவதுதான் தெய்வத்துக்கு உகந்தது என்று அடித்துச் சொல்கிறான். சாக்ரடீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் அது உகந்ததா, உகந்தது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கயல்விழி:

இருவருக்கும் நன்றி. ஐயா, எலிசபெத்துக்கு டெகார்ட் என்னதான் பதில் எழுதினார்?

திண்ணைவாசி:

நெய்தல் சொன்ன நூலையும் விடாதீர்கள், நல்ல தேர்வு.

கல்லின் எடை அதைக் கீழே இழுக்கிறது, அதற்காக எடை கல்லின் மேற்பரப்பைத் தொட்டுத் தள்ளுவதாக நாம் நினைப்பதில்லையே, மனமும் உடலை அப்படி அசைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எலிசபெத் விடவில்லை. எடையைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் தவறு என்று உங்கள் இயற்பியலே காட்டப்போகிறதே, அதை வைத்து இதை எப்படி நம்புவது என்று ஜூனில் திருப்பிக் கேட்டார். இடத்தை அடைக்காத ஒன்று உடலை அசைக்கும் என்பதைவிட, மனமும் இடத்தை அடைக்கும் ஒரு பொருள்தான் என்று ஒப்புக்கொள்வது தனக்கு எளிது என்றும் எழுதினார். டெகார்ட் அவரை எவ்வளவு மதித்தார் என்றால், 1644-இல் வந்த தன் அடுத்த நூலை அவருக்கே சமர்ப்பித்தார்.

அந்த மே கடிதம், டெகார்ட்டின் பதில், ஜூன் கடிதம் மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு ஆறாம் தியானத்துக்குப் போங்கள். எங்கே இடறுகிறது என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.