நான்கில் மூன்று பங்கு: ஒருமையா, பன்மையா?

மயிலாப்பூர் வாசகி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு உதவுகையில், செம்பரம்பாக்கம் ஏரி நீரில் நான்கில் மூன்று பங்கு என்று ஆங்கிலத்தில் எழுதினால் ‘இஸ்’ வரும் என்றும், சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் நான்கில் மூன்று பங்கு என்றால் ‘ஆர்’ வரும் என்றும் விடைக்குறிப்பில் கண்டேன். பின்னம் ஒன்றாகவே இருக்க, வினை மாறுவது ஏன்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, அங்கே பின்னத்தைப் பார்க்கக் கூடாது, ‘ஆஃப்’ என்பதற்குப் பின் நிற்கும் பெயரையே பார்க்க வேண்டும். நீர் எண்ணப்படாதது, ஆகவே ஒருமை. வார்டுகளோ எண்ணத்தக்கவை, 150 வார்டுகள் என்றே பொருள்படுவதால் பன்மை. ‘ஹாஃப்’, ‘மோஸ்ட்’, ‘சம்’, சதவீதம் ஆகியவையும் இவ்வாறே. ஒரே மாம்பழத்தில் பாதி என்றால் ‘இஸ்’, கூடையிலுள்ள மாம்பழங்களில் பாதி என்றால் ‘ஆர்’.

அடையாறு வாசகர்: ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். தொகை, தொலைவு, காலம் ஆகியவற்றை ஒரே அளவாகக் கருதும்போது, சொல் பன்மையாயினும் ‘டென் கிலோமீட்டர்ஸ் இஸ்’ என்பதே வழக்கு. ‘ஐந்நூறு ரூபாய் போதாது’ என்று நாமும் ஒருமையில்தானே சொல்கிறோம்! ‘த நம்பர் ஆஃப்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப்’ பன்மை. தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

மயிலாப்பூர் வாசகி: நன்றி. அப்படியானால் ‘ஒன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’ என்பதற்கும் ‘ஆர்’ வருமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வராது. அங்கே ‘ஒன்’ என்பது பின்னமன்று, ஒரு மாணவரையே குறிப்பதால் ‘இஸ்’. ‘ஒன் தேர்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் மட்டுமே ‘ஆர்’.