பப்பி டிரெய்னிங்குக்கு என்ன டிரீட் கொடுக்கலாம்? பிஸ்கட் கொடுத்து வயிறு கெட்டுவிட்டது

கேள்வி

வணக்கம். 11 வாரம் ஆன லேப்ரடார் பெண் குட்டி, எடை 6 கிலோ. ‘சிட்’, ‘கம்’ பழக்குகிறோம். சொன்னதைச் செய்தால் பாதி குளுக்கோஸ் பிஸ்கட். ஒரு நாளைக்கு 12, 15 பிஸ்கட் வரை போய்விடுகிறது. இப்போது மூன்று பிரச்சினை: இரண்டு நாளாக லூஸ் மோஷன் (வாந்தி, ரத்தம் இல்லை, நன்றாக விளையாடுகிறாள்). டிரை ஃபுட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள். வீட்டுக்குள் சொன்னவுடன் உட்காருகிறவள், மொட்டைமாடியில் பிஸ்கட்டை நீட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதற்கு மாறலாம்? எவ்வளவு கொடுக்கலாம்?

பதில் 1

முதலில் வயிறு. இந்த வயதில் இரண்டு நாள் லூஸ் மோஷன் என்றால் பிஸ்கட் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம், குடற்புழுவாகவும் இருக்கலாம். கொஞ்சம் மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாந்தி, ரத்தம், சோர்வு இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பார்வோ (குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்) காத்திருக்காது. மலம் கெட்டியாகி இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் புது டிரீட்.

அடுத்து கணக்கு. 6 கிலோ குட்டிக்கு இந்த வயதில் நாளொன்றுக்குச் சுமார் 800 கலோரி தேவை. டிரீட் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 கலோரிக்குள் நிற்க வேண்டும். சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றிலேயே 20 கலோரிக்கு மேல் இருக்கும். 15 பிஸ்கட் என்றால் 300 கலோரியைத் தாண்டிவிடும். மைதாவும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பிவிட்டால் டிரை ஃபுட்டை எப்படித் தொடுவாள்? பிடிவாதம் எல்லாம் இல்லை, அவளுக்குப் பசியில்லை.

பதில் 2

மேலே சொன்னது சரி. எதைக் கொடுப்பது என்று நான் சொல்கிறேன்.

தோலும் எலும்பும் இல்லாத சிக்கன் நெஞ்சுக்கறி. உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் வேண்டாம், தண்ணீரில் மட்டும் 15 நிமிஷம் வேகவைத்து, உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்திருக்கிறதா என்று பிளந்து பாருங்கள். நன்றாக ஆறிய பிறகு நறுக்கினால்தான் உதிராது. துண்டு பச்சைப் பட்டாணி அளவுக்கு மேல் போகக் கூடாது. வெந்த கறி 50 கிராம் ஏறக்குறைய 80 கலோரி, அதில் நூறு துண்டு தாராளமாக வரும். குட்டி எண்ணிக்கையைத்தான் பார்க்கும், அளவைப் பார்க்காது. பெரிய துண்டு கொடுத்தால் மென்று முடிப்பதற்குள் எதற்குக் கிடைத்தது என்பதே மறந்துபோகும்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மீதியை ஒரு நாள் பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டாம், மீந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டிரீட் கொடுத்த அன்று டிரை ஃபுட்டில் 20 கிராம் குறைத்துவிடுங்கள். வீட்டுக்குள் செய்யும் பயிற்சிக்குச் சிக்கன்கூட வேண்டியதில்லை. அன்றைய டிரை ஃபுட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, நாலு சிக்கன் துண்டோடு மூடிய டப்பாவில் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் டிரை ஃபுட்டே கறி வாசனை அடிக்கும்.

குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறி மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கறிக்குள் ஊறியிருக்கும், கழுவினால் போகாது. அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்திராட்சை (பாயசத்தில் கிடப்பதும்தான்), சாக்லேட், சைலிட்டால் போட்ட சுகர்ஃப்ரீ சூயிங்கம், வெந்த எலும்பு இதெல்லாம் ஒரு துண்டுகூடக் கூடாது.

பதில் 3

கோழி ஈரலை விட்டுவிட்டீர்களே? வாசனைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. தினமும் கொடுக்கலாம்.

பதில் 2

வாசனை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், தினமும் என்பதில் இல்லை. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், உடம்பில் தேங்கும். அளவு மீறினால் மலமும் இளகும். வயிறு ஏற்கெனவே கெட்ட குட்டிக்கு இப்போது கண்டிப்பாக வேண்டாம். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலைந்து துண்டு போதும். வேகவைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் பிசுபிசுப்பு போகும்வரை புரட்டினால் கையில் ஒட்டாது. ‘கம்’ சொல்லி ஓடி வருவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஈரல் என்றால் ஈரலுக்கும் மதிப்பு போய்விடும்.

பதில் 4

மொட்டைமாடிப் பிரச்சினைக்கும் டிரீட்டுக்கும் சம்பந்தம் குறைவு. காக்கா, வண்டிச் சத்தம், புது வாசனை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் குட்டி மிரண்டுபோயிருக்கும், இல்லையென்றால் பரபரப்பில் இருக்கும். பிடித்த சாப்பாட்டைக்கூட மறுக்கிறது என்றால் அது படிக்கும் நிலையில் இல்லை. ஹால், பிறகு கதவு திறந்த ஹால், பிறகு மாடிப்படி, கடைசியாக மொட்டைமாடி என்று போங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்துக்கு எட்டு தடவை சரியாகச் செய்த பிறகுதான் அடுத்தது. தரை சுடாத நேரமாகவும் இருக்க வேண்டும், உங்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம்.

“பிஸ்கட்டை நீட்டினாலும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சாப்பாட்டைக் காட்டிச் சொன்னால், கையில் தெரிந்தால்தான் செய்ய வேண்டும் என்று குட்டி புரிந்துகொள்ளும். முதல் நாலைந்து தடவை மட்டும் துண்டை மூக்கருகே வைத்து மெதுவாகத் தலைக்கு மேலே நகர்த்துங்கள், பின்புறம் தானாகத் தரையில் படும். அடுத்த தடவை அதே கையசைவு, கை காலி. பின்புறம் தரையில் பட்ட அதே நொடி ‘யெஸ்’. அப்புறம்தான் மறு கை பைக்குள் போக வேண்டும். ‘யெஸ்’ சொல்லும் முன்பே பை சரசரத்தால் குட்டி பையைத்தான் பார்க்கும், உங்களை அல்ல.

ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், நாளுக்கு நாலு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால்.

கேட்டவர்

மிக்க நன்றி. மருத்துவர் பார்த்துவிட்டார், குடற்புழுதான். மருந்து கொடுத்திருக்கிறார். ஒரு சங்கடம்: எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. பனீர், கேரட் சரிவருமா? இன்னொன்று, டிரீட் வாங்கும்போது விரலையும் சேர்த்துக் கடிக்கிறாள்.

பதில் 2

தாராளமாக. ஆனால் பனீரில் கொழுப்பு அதிகம், அதனால் 80 கலோரிக்கு 25 கிராம்தான் வரும். உப்பில்லாததாகப் பார்த்து வாங்கி, சிக்கனைவிடப் பொடியாக நறுக்குங்கள். சீஸ் ஸ்லைஸ் வேண்டாம், உப்பு. கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி மூன்றையும் ஆவியில் வேகவைத்துக் கொடுக்கலாம். கேரட்டில் கலோரி மிகக் குறைவு, வீட்டுக்குள் பயிற்சிக்கு அதுவே போதும், பனீரை மாடிக்கு ஒதுக்குங்கள். மருந்து முடிந்ததும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள், மூன்று நாள் பார்த்த பிறகு அடுத்தது. அப்போதுதான் சொறியோ லூஸ் மோஷனோ வந்தால் எதனால் என்று தெரியும்.

எது அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்று பார்க்க, இரண்டு கையிலும் ஒவ்வொன்றை மூடி நீட்டுங்கள். எந்தக் கையை விடாமல் முகர்கிறாள்? கையை மாற்றி இன்னும் சில தடவை செய்து பாருங்கள்.

பதில் 4

விரல் நுனியில் பிடித்துக் கொடுக்காதீர்கள். மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். பல் பட்டுக்கொண்டிருக்கும்வரை கை திறக்கக் கூடாது, நக்க ஆரம்பித்ததும் உள்ளங்கையை விரித்துவிடுங்கள். கையைப் பின்னால் இழுத்தால் இன்னும் வேகமாகப் பாய்வாள், அசையாமல் வைத்திருங்கள். குழந்தைகள் கொடுப்பதாக இருந்தால் துண்டைத் தரையில் போடச் சொல்லுங்கள்.