எல்லா டைல்ஸ் பெட்டியிலும் மோர்பி என்றே இருக்கிறது, நேரில் போய் வாங்கலாமா?

நாமக்கல்_புதுவீடு

வணக்கம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பூச்சு வேலை முடிந்து தரைக்கு வந்துவிட்டோம். கீழும் மேலுமாக 1,800 சதுர அடிக்கு டைல்ஸ் வேண்டும். போன வாரம் சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினோம், 2×4 அடி அளவில் சதுர அடி 48 ரூபாயிலிருந்து 95 வரை சொல்கிறார்கள், ஒவ்வொரு கடையிலும் வேறு வேறு பெயர். என் மனைவிதான் ஒரு பெட்டியைப் புரட்டிப் பொடி எழுத்தில் இருந்த முகவரியைப் படித்தாள். மோர்பி, குஜராத். அடுத்த கடையிலும் பார்த்தோம், மோர்பி. மூன்றாவதிலும் அதே.

ஒரே ஊரில் எப்படி இத்தனை கம்பெனி? எல்லாம் ஒரே ஊர்ச் சரக்கு என்றால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? நேரில் போனால் பாதி விலை என்கிறார் மைத்துனர். ராமேஸ்வரம்–ஓகா ரயில் ராஜ்கோட் வழியாகத்தான் போகிறது, அங்கிருந்து பஸ்ஸில் பக்கம்தான் என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சூளைப்பக்கம்

நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்துவிட்டு மோர்பியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மோர்பிக்கு மண் தொழில் புதிதில்லை. மச்சு ஆற்றங்கரை ஊர். கூரைக்குப் போடும் ஓடு சுட்டு விற்றார்கள், அங்கே அதை நளியா என்பார்கள். அஜந்தா சுவர்க் கடிகாரம் பிறந்ததும் அங்கேதான். 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு அணை உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், அதிலிருந்து எழுந்து வந்த ஊர் அது. எல்லோரும் காங்கிரீட் கூரை போட ஆரம்பித்ததும் ஓட்டுக்கு மவுசு குறைந்தது, சுவர் டைல்ஸுக்கு மாறினார்கள், அப்புறம் தரை டைல்ஸ், 2000-க்குப் பிறகு விட்ரிஃபைடு, அதாவது தண்ணீரை உறிஞ்சாத அளவுக்குக் கெட்டியாகச் சுட்ட டைல்ஸ். முதலாளிகளில் நிறையப் பேர் பட்டேல் விவசாயக் குடும்பத்துக்காரர்கள். உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் பங்கு போட்டு ஒரு ஆலை, அது நன்றாக ஓடினால் அதே ஆட்கள் சேர்ந்து இன்னொன்று. இப்போது மோர்பி, வாங்கானேர் சுற்றுவட்டாரத்தில் 800-க்கு மேல் இருக்கின்றன. இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பத்துக்கு எட்டு அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் மூன்று கடையிலும் மோர்பியைப் பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

மண் அங்கேயே கிடைப்பதால்தான் என்று நினைக்காதீர்கள். நல்ல களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமக் கல்லும் ராஜஸ்தானிலிருந்து லாரி லாரியாக வருகின்றன. அந்தத் தொழிலை அங்கே பிடித்து வைத்திருப்பது அக்கம்பக்கம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, மண் பவுடரை அழுத்தி டைல் ஆக்கும் பிரஸ்ஸில் பேரிங் போய்விட்டது. லக்தீர்பூர் ரோட்டில் இருக்கும் ஒருவரைப் போன் செய்து எழுப்பினோம், அரை மணி நேரத்தில் பைக்கில் பேரிங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார், விடிவதற்குள் ஆலை ஓடியது. மண்ணை அரைத்துப் பவுடராக்கி அடுத்த ஆலைக்கு விற்பதற்கென்றே தனி ஆலைகள் இருக்கின்றன. பளபளப்பு மேல்பூச்சான கிளேஸ் விற்பவர், டிசைன் ஃபைல் செய்து கொடுப்பவர், பாலிஷ் மட்டும் போட்டுத் தருபவர், அட்டைப்பெட்டி அடிப்பவர் எல்லோரும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள். அதனால்தான் பணம் கொஞ்சமாக இருப்பவரும் அங்கே ஆலை போட முடிகிறது. விருத்தாசலத்திலும் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிறோம், கைத்திறன் நம்மவர்களிடம் குறைவில்லை. ஆனால் இந்த அக்கம்பக்கம் அங்கே உருவாகவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

விலைக்கு வருகிறேன். டைல் 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்து, நூறு மீட்டருக்கு மேல் நீளமான சூளையிலிருந்து வெளியே வரும். வெளிச்சத்துக்கு அடியில் ஓடும்போது ஒருவர் நின்று கண்ணால் பார்த்து, மெழுகுக்குச்சியால் கோடு இழுத்துப் பிரிப்பார். ஊசித்துளை, மூலை உடைவு, நிறம் மாறியது எல்லாம் முதல் தரமான பிரீமியத்திலிருந்து இறங்கி ஸ்டாண்டர்ட், கமர்ஷியல் என்று போகும். பெரிய பிராண்டுகளும் அங்கே கூட்டாக ஆலை நடத்துகின்றன, இல்லையென்றால் அங்கிருந்து செய்து வாங்குகின்றன. ஒரே சூளையில் வெந்தது இரண்டு பெயர் பெட்டியில் போவது சகஜம். இன்னொன்று, தடிமன். மேல்முகம் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று 9 மி.மீ., இன்னொன்று 8 மி.மீ.க்கும் குறைவு. கடையில் பெட்டியை எடை போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஈரோடு_கடைக்காரர்

மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் டைல்ஸ் கடை வைத்திருப்பவன், அதனால் என் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கணக்கைப் பாருங்கள்.

2×4 என்று நாங்கள் சொல்வது 600×1200 மி.மீ. இரண்டு அடி என்பது 609 மி.மீ.க்கு மேல். அதனால் இரண்டு டைல் உள்ள பெட்டி 16 சதுர அடி கிடையாது, 15.5 தான். 1,800 அடிக்கு 113 பெட்டி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் மூன்று நான்கு பெட்டி குறையும். 117 பெட்டி, வெட்டுச் சேதாரத்துக்கும் சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கும் சேர்த்து 130 என்று வையுங்கள். பெட்டி 30 கிலோவுக்குப் பக்கம் வரும், மொத்தம் நாலு டன்னுக்குள். மோர்பியிலிருந்து வரும் லாரி ஏற்றுவது இருபது டன்னுக்கு மேல். முழு லோடு இல்லாத சரக்கு பார்ட் லோடாக வரும், வழியில் ஏதாவது குடோனில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவார்கள், ஒவ்வொரு முறையும் மூலை உடையும். உடைந்ததற்கு அங்கிருந்து யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு எடுத்தால் போகலாம், லாபம்தான். ஒரு வீட்டுக்கு வேண்டாம். ரயில் செலவு, ரூம் வாடகை, உங்கள் நான்கு நாள் எல்லாம் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முழுப் பணமும் முன்கூட்டிக் கேட்பவர்களிடம் மாட்டாதீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி வாங்கினார், வந்த சரக்கில் மூன்று பேட்ச், அதாவது வேறு வேறு தடவை சுட்டது, கலந்திருந்தது. ஹாலில் போட்டபிறகு பகலில் தெரியவில்லை, ராத்திரி டியூப்லைட் போட்டதும் தரை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அந்த அம்மா அழுதுவிட்டார்கள்.

தென்காசி_வாசகி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு நுரையீரல் நோய் வருகிறது என்று படித்தேன். உண்மையா? நாம் விலையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சூளைப்பக்கம்

உண்மைதான் அம்மா, கேட்டதற்கு நன்றி. மண்ணோடு குவார்ட்ஸ் கலக்கிறோம் இல்லையா, அதன் தூள் மூச்சில் போய்த் தங்கினால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. உலர்ந்த பவுடர் இருக்கும் இடம்தான் மோசம், மண் குழம்பை உலர்த்திப் பவுடராக்கும் ஸ்பிரே டிரையருக்குக் கீழேயும் பிரஸ் பக்கத்திலும். ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் இமை முடிகூட வெள்ளையாக இருக்கும். பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், பீகார், ஒடிசா ஆட்கள். கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, ஆலை பெயர் போட்ட அடையாள அட்டை இருக்காது, நோய் வந்தபிறகு எங்கே வேலை செய்தேன் என்று நிரூபிக்க முடியாது. என்னோடு பிரஸ்ஸில் நின்ற ஒருவர் நாற்பது வயதுக்குள் மாடிப்படி ஏற முடியாமல் ஊருக்குப் போனார். தூசி உறிஞ்சும் குழாய் ஒழுங்காகப் போட்டு, தரையைப் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவினாலே பாதி குறையும். நல்ல ஆலைகளில் செய்கிறார்கள், எல்லா இடத்திலும் செய்ய வைக்க முடியும்.

முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. முன்பு நிலக்கரியை வாயுவாக்கி எரித்தார்கள், தாரும் பீனால் கலந்த கழிவுநீரும் ஓடைகளில் போய்ச் சேர்ந்தன. 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த கேசிஃபையர்களை மூடச் சொன்னது. மொத்த ஊரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. செலவு ஏறியது உண்மை, 2022-ல் எரிவாயு விலை தாங்காமல் ஒரு மாதம் ஆலைகளையே நிறுத்தினார்கள், அப்புறம் பலர் புரொபேன் பக்கம் போனார்கள். ஆனாலும் தொழில் நிற்கவில்லை. ஓடைக்குச் செய்ததைத் தொழிலாளியின் நெஞ்சுக்கும் செய்யலாம்.

மேஸ்திரி_மகன்

அப்பா முப்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறார், அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வாங்கும் முன் இரண்டு டைலை முகத்தோடு முகம் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. 2×4-ல் லேசான வளைவு எல்லாவற்றிலும் இருக்கும், அதனால் செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டக்கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளினால் கால் தட்டும். பின்பக்கம் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். விட்ரிஃபைடு என்றால் உறிஞ்சாது. உறிஞ்சாததால்தான் வெறும் சிமெண்ட் பாலில் பிடிக்காது, டைல் பசை போட்டு முழுப் பரப்பிலும் பல் வைத்த கரண்டியால் சீப்பு இழுத்த மாதிரி பரப்பி ஒட்ட வேண்டும். நான்கு மூலையில் மட்டும் பசை உருண்டை வைத்து ஒட்டுபவரை உடனே நிறுத்துங்கள்.

நாமக்கல்_புதுவீடு

எல்லோருக்கும் நன்றி. மைத்துனரிடம் கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கே போகிறோம். 62 ரூபாய்ச் சரக்கு, 130 பெட்டி, எல்லாம் ஒரே பேட்ச், ஒரே ஷேடு என்று பில்லில் எழுதித் தருவதாகக் கடைக்காரர் போனில் சொல்லிவிட்டார். எடை பார்க்க வீட்டுத் தராசையும் எடுத்துப் போகிறேன். மிஞ்சும் பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்க மறந்துவிட்டேன், ஈரோடு அண்ணே, அது வழக்கமா?

ஈரோடு_கடைக்காரர்

பிரிக்காத பெட்டியை எடுப்போம், அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆனால் நான்கு பெட்டியைத் திருப்பாமல் பரண்மேல் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து பாத்ரூம் குழாய்க்குத் தரையை உடைக்க வேண்டி வந்தால் அந்த டிசைன் மோர்பியிலேயே இருக்காது.