தங்கச்சிமடம்: கேம், டிஸ்க், 5.1 சத்தம் மூன்றுக்கும் ஒரே கன்சோல் எது?

வடகடல்வாசி:
வீடு ராமேஸ்வரம் தீவில், வடகடலிலிருந்து (தீவின் வடக்குப் பக்கக் கடல்) 200 மீட்டர். ஹாலில் 43 இன்ச் 4கே டிவி, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள பழைய 5.1 ஹோம் தியேட்டர் (ஒளி வழியாகச் சத்தம் கடத்தும் ஆப்டிகல் இன்புட் மட்டும்தான், எச்டிஎம்ஐ கிடையாது), ஒரு பெட்டி நிறைய டிவிடியும் ஆடியோ சிடியும். நெட் 30 எம்பிபிஎஸ். இன்வெர்ட்டர் 900 விஏ, பேட்டரி 150 ஏஎச். டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வேண்டும்: சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) எடுப்பதா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போதுமா? துபாயிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்கலாமா? உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?

கீழக்கரை_காக்கா:
சீரிஸ் எஸ்ஸை முதலில் கழித்துவிடுங்கள் தம்பி. அதில் டிஸ்க் டிரைவே இல்லை. பிஎஸ்5 வாங்கினால் டிரைவ் உள்ள மாடலாக இருக்கட்டும். டிவிடி, ப்ளூரே, 4கே ப்ளூரே மூன்றும் ஓடும். ஆடியோ சிடி ஓடாது. பிஎஸ்3 வரைக்கும் இருந்த வசதியை பிஎஸ்4லிலேயே எடுத்துவிட்டார்கள். ஸ்லிம் மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினால், முதல் தடவை இணைக்க நெட் கட்டாயம் வேண்டும்.

துபாய் சமாச்சாரம்: கேம் டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு (நாட்டுக்கு நாடு பிரிக்கும் தடை) இல்லை, எந்த ஊர் பெட்டியிலும் ஓடும். ஆனால் டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்கும்போது உங்கள் அக்கவுண்டின் நாடும் டிஸ்க்கின் நாடும் ஒத்துப்போக வேண்டும். சிக்கல் படத்தில்தான். இந்தியா டிவிடிக்கு ரீஜன் 5, ப்ளூரேக்கு சி. வளைகுடாப் பெட்டி 2, பி. சிங்கப்பூர்ப் பெட்டி 3, ஏ. ரீஜன் பூட்டிய இந்திய ப்ளூரே அவற்றில் ஓடாது. எல்லா ரீஜனுக்கும் என்று அச்சிட்ட டிவிடிக்குத் தொல்லை இல்லை. 4கே ப்ளூரேக்கு ரீஜனே கிடையாது.

ஆம்ப்ளிஃபயர்:
டிஸ்க்கைப் பற்றிப் பேசியாயிற்று, சத்தத்தை யாரும் தொடவில்லை. பிஎஸ்5லும் எக்ஸ்பாக்ஸின் பெரிய மாடலான சீரிஸ் எக்ஸிலும் ஆப்டிகல் அவுட் இல்லை. அதனால் கன்சோலிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஹோம் தியேட்டருக்கு என்று சுற்றித்தான் போக வேண்டும். இங்கேதான் பலர் 5.1 ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஸ்டீரியோ கேட்கிறார்கள். காரணம், ஆப்டிகல் ஒயரில் பிசிஎம் (சுருக்காத சத்தம்) இரண்டு சேனல்தான் போகும். ஆறு சேனல் வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். பிஎஸ்5 செட்டிங்ஸில் சவுண்ட், ஆடியோ அவுட்புட் போய், ஆடியோ ஃபார்மட்டை லீனியர் பிசிஎம்மிலிருந்து டால்பிக்கு மாற்றுங்கள். டிவியில் டிஜிட்டல் அவுட்டை பாஸ்த்ரூவில் (வந்த சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பும் முறை) வையுங்கள். சில டிவிகள் எச்டிஎம்ஐ வழி வரும் டிடிஎஸ்ஸை ஆப்டிகலுக்கு விடாது, அதனால் டால்பியே பத்திரம். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி முறை) ஆசை இருந்தால் இந்த ஹோம் தியேட்டரோடு நடக்காது.

படம் மங்கலாக வந்தால் கன்சோலைத் திட்டாதீர்கள். டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு. இல்லாவிட்டால் 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் தெளிவாகப் பிரியும் படம்) வராது. 30 எம்பிபிஎஸ் 4கே ஸ்ட்ரீமிங்குக்குத் தாராளம், 15 இருந்தாலே போதும். கேம் டவுன்லோடுதான் இழுக்கும். 60 ஜிபி கேம் இந்த வேகத்தில் நாலரை மணி நேரம்.

உங்களிடம் இருக்கிற சாமான்களுக்கு என் யோசனை செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். 2016இல் வந்தது. ஆப்டிகல் அவுட் உண்டு, ஆடியோ சிடி ஓடும், 4கே ப்ளூரேயும் ஓடும். புதிய தலைமுறைக் கேம்கள் ஓடாது, அது ஒன்றுதான் குறை. அந்தக் கேம்கள்தான் வேண்டும் என்றால் பிஎஸ்5க்கே போங்கள்.

சால்டரிங்_சாமி:
எந்தப் பெட்டியானாலும் எமன் உப்புதான். காற்று ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் போர்டில் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையும், கரைந்தால் கரண்ட் கடத்தும். எச்டிஎம்ஐ பின்னில் பச்சை பூப்பது அப்படித்தான். பெட்டி சூடாக ஓடும்போது இது நடக்காது. வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போதுதான் நடக்கும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். வாடை அடிக்கும் மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். தென்கடல் பக்கத்து வீடுகளுக்குக் கச்சான் (தென்மேற்குக் காற்று)தான் எதிரி. கண்ணாடி ஷோகேஸுக்குள் அடைக்காமல், சுற்றிலும் 10 செமீ விடுங்கள். நன்றாக ஆறியபின் பருத்தித் துணி போர்த்தலாம். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளேயே வியர்த்துவிடும். போர்ட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ். ஈரத்துணி கூடவே கூடாது.

கரண்ட்: பிஎஸ்5 கேமில் சுமார் 200 வாட், டிவியும் ஹோம் தியேட்டரும் சேர்த்து 350 என்று வையுங்கள். 900 விஏ தாங்கும், பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் போடுங்கள். சாதாரண மோடில் மாறுகிற இடைவெளி அதிகம், கன்சோல் அணைந்து எழும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் ரெஸ்ட் மோடில் (அரைத்தூக்க நிலை) விடாமல் முழுக்க அணைப்பதே மேல். சேவ் ஓடும்போது கரண்ட் போனால் வெளி ஹார்ட் டிஸ்க்தான் முதலில் கெடும்.

இடி மழையில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மின்னல் டிஷ் ஒயர் வழியாக டிவிக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்குள் ஏறும். டிஷ் ஒயரையும் எச்டிஎம்ஐயையும் சேர்த்துக் கழற்றுங்கள். மாட்டும்போதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

வடகடல்வாசி:
ஒன் எஸ் பக்கம்தான் மனசு சாய்கிறது. பழையது வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஆம்ப்ளிஃபயர்:
டிவிடி, ப்ளூரே, சிடி மூன்றையும் எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். ப்ளூரே ஆப் ஸ்டோரில் இலவசமாக இறக்கணும், அதனால் அங்கே நெட் இருக்கட்டும். ஆப்டிகல் ஓட்டையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். பழைய ஓனர் அக்கவுண்டை நீக்கி, உங்கள் கண்முன்னே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஆல் டிஜிட்டல் என்று ஒரு ஒன் எஸ் உண்டு, அதில் டிஸ்க் வாயே இருக்காது, ஏமாந்துவிடாதீர்கள்.

சால்டரிங்_சாமி:
எச்டிஎம்ஐ ஒயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், படம் வெட்டினால் வேண்டாம். டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால், அது நம்ம கடற்கரையிலேயே கிடந்த பெட்டி.