படித்ததை அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன்

சிங்கப்பூரில் புற்றுநோயைச் சந்தித்த மூன்று குடும்பங்களின் பேச்சு இது.

யீஷூன் மகள்:
அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 67. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ தொடங்கிய அன்றே தாதி ஓர் ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தார். திரும்பும் வழியில் எம்ஆர்டி ரயிலிலேயே படித்து முடித்துவிட்டேன். அம்மா தமிழ் முரசு நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர், ஆங்கிலம்தான் வராது. நான் வாசித்துச் சொல்லியிருக்கலாம். எதற்குப் பயமுறுத்துவானேன் என்று அதைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை தோசை மாவை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவர், "ஐயோ!" என்று பாத்திரத்தைப் போட்டுவிட்டார். விரலெல்லாம் ஊசி குத்துகிறதாம். தரை முழுக்க மாவு. வாதம்தான் வந்துவிட்டது என்று நடுங்கிப்போனார். அது கீமோவில் ஏற்றிய ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தின் வேலை. மருந்து ஏற்றிய சில நாள்களுக்குக் குளிர்ந்ததைத் தொட்டாலும் குடித்தாலும் நரம்பு கூசும், தொண்டைகூட அடைப்பது போலிருக்கும். கையேட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"நீ இதைப் படிச்சியா?"
"படிச்சேம்மா."
"அப்புறம் ஏன் சொல்லல?"

அன்று இரவே ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். 'புறநரம்பு பாதிப்பு' என்று எழுதிக் காட்டினேன், முகம் மாறவே இல்லை. 'சில்லுன்னு இருக்கிறதைத் தொட்டா சுரீர்ங்கும், கையுறை போட்டு எடு' என்றதும் தலையாட்டினார். கீமோவோடு சேர்ந்த கேப்பசிட்டபின் மாத்திரை காலையும் இரவும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. நாள்காட்டியில் அம்மாவே வட்டம் போட்டுக்கொண்டார்.

செங்காங் மருமகன்:
எங்கள் வீட்டில் படிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை, படித்ததெல்லாம் வாட்ஸ்அப்பில். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று யாரோ அனுப்ப, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த மாமனாருக்கு மாமியார் சோற்றையே குறைத்துவிட்டார். மனிதர் மெலிந்ததுதான் மிச்சம். உணவு ஆலோசகர் முட்டை, மீன், பருப்பு எல்லாம் சேர்க்கச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஓர் இரவு காய்ச்சல் 38.3. பனடால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றார் மாமியார். மருத்துவமனை கொடுத்த சின்ன அட்டை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது: 38 டிகிரி என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவும். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் முற்றிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு டாக்சி பிடித்தோம். ஒரு வாரம் வார்டில் இருந்தார். இத்தனை நாளில் எனக்கு உதவியது அந்த அட்டைதான், உண்மையைச் சொன்னால்.

ஜூரோங் அக்கா:
நோயாளி நானே. மார்பகப் புற்றுநோய். தம்பி, தங்கை, எல்லாவற்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் இத்தனை பேர் பிழைப்பார்கள், இத்தனை பேர் பிழைக்கமாட்டார்கள் என்று எங்கோ வாசித்துவிட்டு இரவுச் சாப்பாட்டின்போது ஒப்பிப்பார். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்குப் போதும் என்று நிறுத்தினேன். பேச ஆள் வேண்டுமென்றால் 1964இல் தொடங்கிய சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் இருக்கிறது. ஆலோசனையும் ஆதரவுக் குழுக்களும் உண்டு. நான் அழுதது அங்கேதான், வீட்டில் அல்ல.

யீஷூன் மகள்:
அக்கா சொல்வது சரி. இப்போதெல்லாம் "எதுவரைக்கும் சொல்லட்டும்?" என்று அம்மாவையே கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. 50 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறியச் சங்கம் இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைக் கருவியை எனக்கும் வயது வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அது குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வராதவர்களுக்கு. பெற்றோருக்கு வந்திருந்தால் குழாய் விட்டுப் பார்க்கும் குடல் பரிசோதனையை எந்த வயதில் செய்வது என்று டாக்டரிடமே கேட்க வேண்டுமாம். தம்பியும் நானும் போய்க் கேட்டோம்.

நோட்டு இப்போது எங்கள் பிளாக்கில் நான்காம் மாடி வீட்டில் இருக்கிறது. 'மருந்து வேறன்னா டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க' என்று முதல் பக்கத்தில் அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.